விலிமைனா மூடும் கதவுகள்

கணினி நிரலைக் கீழிருந்துதான் படிக்கத் தொடங்குவார் விலிமைனா. தீவு நாட்டுத் தலைநகரான சுவாவில், ரொட்டிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில், யார் எதை எழுதிக் கொடுத்தாலும் நேராக அதன் கடைசி வரிக்குப் போய்விடுவார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் வரி வரியாக மேலே ஏறுவார். "திறக்கறது எல்லாருக்கும் வரும். எப்படி மூடியிருக்கான்னு பாத்தாத்தான் ஆளு யாருன்னு தெரியும்" என்பார்.

நல்ல உயரம், அதற்கேற்ற பருமன். காதோரம் ஒரு செம்பருத்தி. ஈச்சம் பாய் போல முடைந்த தாழை ஓலைப் பை. அந்தப் பைக்குள் கண்டிப்பாக யாருடைய பாத்திரமாவது இருக்கும். கடன் வாங்கிய பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார். மரவள்ளிக் கிழங்கோ, இரண்டு எலுமிச்சையோ, ஒன்றும் இல்லாவிட்டால் வீட்டு வாசலில் பூத்த பூவோ அதில் இருக்கும். யாரும் உட்காராத மேசையின் மின்விசிறியை அணைப்பார். பேருந்திலிருந்து இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்வதோடு நிற்க மாட்டார். மழைக்காகப் பக்கவாட்டில் அவிழ்த்துவிட்ட தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டுத்தான் இறங்குவார். பின்னால் இறங்குகிறவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் காதில் அது விழாது.

நிரல் எழுத அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. துறைமுக வாயிலில் சரக்குப் பெட்டிகளுக்கு வழிச்சீட்டு எழுதும் வேலையில் இருந்தார். வெளியே போன பெட்டிகளில் திரும்பி வராதவை எவை என்று அங்கிருந்த கணினிக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைச் சொல்ல வைப்பதற்காக ஆரம்பித்த வேலைதான். பெட்டியிலிருந்து கணினிக்கு வந்தாரே தவிர, கவலை மாறவில்லை. எடுத்தது திரும்பி வந்ததா, திறந்தது மூடிக்கொண்டதா என்பதுதான் இன்றைக்கும் அவருடைய கவலை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. சோதனை ஓட்டத்தில் ஓர் இணைப்பு ஒழுங்காக மூடிக்கொண்டது என்று திரையில் வந்தால், "வினாகா" என்று தாழ்ந்த குரலில் நன்றி சொல்வார்.

"அக்கா, அது மெஷின்" என்பார் பக்கத்து மேசை ரவ்னீல்.

"இருக்கட்டுமே. வேலை செஞ்சுதில்ல?"

அந்த அலுவலகம் பார்ப்பது படகுகளின் காவல். வெளித் தீவுகளிலிருந்து மோட்டார் படகில் கிளம்புகிறவர் தன் கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்துவார். பெரிய தீவில் கரை சேர்ந்ததும் இன்னொன்றை அழுத்துவார். "கரை சேர்ந்தார்" என்ற செய்தி சுவாவிலுள்ள நிரலுக்கு வந்து, அங்கிருந்து அவருடைய கிராமத்துக்குப் போகும். நேரத்துக்குச் செய்தி வராவிட்டால் ஊர் தேடிக் கிளம்பும். பல கிராமங்களில் கைப்பேசிக் கோபுரம் கிடையாது. பள்ளிக்கூடக் கூரைமேல் இருக்கும் செயற்கைக்கோள் தட்டு ஒன்றுதான் வழி. அதில் பேச முயன்றால் பாதி வார்த்தை கடலோடு போகும்; எழுத்தும் குரல் பதிவும் எப்படியாவது வந்து சேரும். இத்தனை படகுகளுக்குக் காவலாக இருக்கும் விலிமைனாவுக்குப் படகு ஆகாது. ஏறிய உடனே வாந்தி.

பழைய நிரல் ஒரு கிராமத்துக்கான இணைப்பைத் திறக்கும். செய்தி முழுக்கப் போய்ச் சேரும்வரை அங்கேயே நிற்கும். இணைப்பை மூடும். அதற்குப் பிறகுதான் அடுத்த கிராமம். ஒழுக்கமான ஆள், ஆனால் மந்தம். ஏதோ ஒரு தீவில் இணைப்பு இழுத்துக்கொண்டிருந்தால் மற்றத் தீவுகளெல்லாம் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஆகவே ரவ்னீல் புது நிரல் எழுதினார். அது எல்லாக் கிராமத்து வேலைகளையும் ஒரே சமயத்தில் ஒப்படைத்துவிட்டு, எது எப்போது முடிகிறதோ அப்போது திரும்பி வந்து பார்க்கும். வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் ரவ்னீலுக்குத் திறந்ததை மூடும் பழக்கம் இல்லை. இணைப்புகள் திறந்தது திறந்தபடி கிடக்கும். கணினி தாங்குவதற்கும் ஓர் அளவு உண்டே. பிற்பகலுக்குள் எல்லா இணைப்பும் தீர்ந்துபோய் நிரல் மூச்சுமுட்டி நின்றுவிடும். அணைத்து மறுபடி ஓட்ட வேண்டும்.

"வீட்டுல குழாயையும் இப்படித்தான் விட்டுட்டு வருவியா தம்பி?" என்று கேட்டார் விலிமைனா.

"எங்க வீட்டம்மா மூடிடுவா அக்கா."

"அப்ப அவளைக் கூட்டிட்டு வா. உன் நாற்காலியைக் குடுத்துடலாம்."

பிறகு அவரே உட்கார்ந்து, இணைப்பு திறக்கும் இடம் ஒவ்வொன்றிலும் கதவு வைத்தார். வேலை நல்லபடியாக முடிந்து வெளியே வந்தாலும் சரி, நடுவில் தடுக்கி விழுந்து வெளியே வந்தாலும் சரி, இணைப்பு தானாக மூடிக்கொள்ளும். ஒன்றுக்கு மேல் திறந்திருந்தால் கடைசியாகத் திறந்ததை முதலில் மூட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். "வாசல் கேட்டைப் பூட்டிட்டு, அப்புறம் ஜன்னலைச் சாத்தவா உள்ள போவே?" என்பார். நிரல் மூச்சுமுட்டுவது நின்றது. அந்த வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்தில் அவர் பெயரைச் சொல்லி யகோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார்கள். முதல் சிரட்டை அவருக்கு. ரவ்னீலே எடுத்துக் கொடுத்தார்.

கோரோ தீவுச் சங்கதி அதற்குப் பிறகுதான் நடந்தது.

அங்கே ஒரு கிராமத்தில் மெரெசேனி என்ற பெண்மணிதான் ஊருக்கான செய்திக் கைப்பேசியை வைத்திருப்பவர். அவர் கணவர் இலைத்தியா படகோட்டி. ஒரு மழை நாளில் இலைத்தியா யகோனா மூட்டைகளோடு பெரிய தீவின் நாட்டோவி துறைக்குப் போனார். ஒழுங்காகக் கரை சேர்ந்தார், பொத்தானை அழுத்தினார். "அனுப்பியாயிற்று" என்று கைப்பேசி சொன்னது. தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். கிராமத்துக்குச் செய்தி வரவில்லை. காத்திருந்து பார்த்த மெரெசேனி ஊரைக் கூட்டினார். அவருடைய தம்பி அபெனிசா படகை எடுத்துக்கொண்டு தேடப் போனார். பாறைத்திட்டைத் தாண்டியதும் அலை படகைப் புரட்டியது. மோட்டார் கடலுக்குள் போயிற்று. அபெனிசா நீந்திக் கரை ஏறினார், தோள்மூட்டு நழுவியிருந்தது.

ஊர் கூடி முடிவெடுத்தது. அடுத்த கப்பலில் கைப்பேசியைத் திருப்பி அனுப்பிவிடுவது. பொய் சொல்லும் காவலாளியைவிடக் காவலாளி இல்லாததே மேல். காற்றுக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. இனிக் கோரோவிலிருந்து கிளம்பும் படகு ஒன்று வழியில் நின்றுபோனால், அதை யாரும் தேடப்போவதில்லை.

மெரெசேனி அதை எழுதி அனுப்பினார். விலிமைனாவின் அம்மா ஊருக்கும் கோரோவுக்கும் கேலி உறவு. முன்பின் பார்க்காதவர்கள்கூட ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. அன்றைய செய்தியில் கேலி கொஞ்சம்தான் இருந்தது. "மதினி, வெயில் நாள்ல உன் மெஷின் நல்லாப் பேசுது. மழை வந்தா ஊமையாயிடுது. இதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவை இப்படி ஆச்சு, நாங்க பெருசா எடுத்துக்கல. என் தம்பி கையைத் தூக்க முடியாம கிடக்கான். போதும்."

அலுவலகத்தில் எல்லாரும் செயற்கைக்கோள் தட்டின்மேல் பழி போட்டார்கள். தட்டு நனைந்திருக்கும், ஈரம் ஏறியிருக்கும். விலிமைனா ஒப்பவில்லை. "தட்டுல கோளாறுன்னா எல்லாச் செய்தியும் நிக்கணும். அன்னிக்கு வானிலை எச்சரிக்கை போயிருக்கு. பள்ளிக்கூடத்துச் செய்தி போயிருக்கு. கரை சேர்ந்த செய்தி மட்டும் ஏன் போகல?" என்றார். பிறகு, யாரிடம் சொல்கிறோம் என்று இல்லாமல், "அந்த மழையைக் கவனிச்சாளே, அவ நல்லா இருக்கணும்" என்றார்.

மழை வந்தால் இணைப்பு மெதுவாகும். ஆகவே கோளாறைப் பிடிக்க மழை வேண்டும். சுவாவிலோ வெயில் காய்ந்தது. ரவ்னீல் இரண்டு பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போவதாக இருந்ததை விட்டுவிட்டு, செய்திகளை வழியில் பிடித்து நிறுத்தித் தாமதமாக அனுப்பும் ஒரு குட்டி நிரலை எழுதிக்கொண்டு வந்தார். அதற்கு அலுவலகத்தில் மழை என்றே பெயர் வந்துவிட்டது.

"போடட்டுமா அக்கா?"

"முதல்ல தூறல் போடு."

செய்தி போயிற்று.

"இன்னும்."

போயிற்று.

"இன்னும் போடு."

"இதுக்கு மேல போட்டா புயல்."

"புயலே போடு. அபெனிசா அதுலதானே போனான்?"

செய்தி போகவில்லை. நிரல் மட்டும் எல்லாம் நல்லபடியாக முடிந்ததென்று சொன்னது. விலிமைனா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நிரல் தன் வேலைகளைக் குறித்துவைத்த வரிகளைக் கீழிருந்து படித்தார். இணைப்பு மூடியாயிற்று என்ற வரி இருந்தது. அதற்கு மேலே செய்தி போய்ச் சேர்ந்தது என்று இருக்க வேண்டும். இல்லை. செய்தியை ஒப்படைத்தது என்று மட்டுமே இருந்தது. ஒப்படைத்த கையோடு கதவு மூடியிருந்தது. பாதி வழியில் இருந்த செய்தி அதில் நசுங்கிப்போயிற்று.

கதவு அவர் வைத்தது.

மற்ற எல்லா இடங்களிலும், அனுப்பும் வரிக்கு முன்னால் காத்திருக்கும்படி சொல்லும் அந்த ஒற்றைச் சொல்லை எழுதியிருந்தார். இந்த ஓர் இடத்தில் எழுதவில்லை. அந்தச் சொல் இல்லாவிட்டாலும் நிரல் ஓடும். கணினி ஒரு குறையும் சொல்லாது. வெயில் நாளில் செய்தி பறந்துவிடும். கதவு மூடுவதற்குள் அது வெளியே போயிருக்கும். பழைய நிரலில் இந்தச் சொல்லுக்கே வேலை இல்லை, அது நின்று முடித்துவிட்டுத்தான் நகரும். அந்தப் பழக்கத்தில் கை எழுதிவிட்டுப் போயிருந்தது.

ரவ்னீல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இப்படி ஒரு வாய்ப்பை விடுகிற ஆள் இல்லை அவர். "அப்ப இதுதான் கணக்கு. நான் திறந்து போட்டேன். செய்தி போச்சு. நீங்க ஒழுங்கா மூடினீங்க. செய்தி போகல. எங்க வீட்டுக் குழாயைப் பத்தி என்னமோ சொன்னீங்களே அக்கா?"

விலிமைனா சிரித்தார். மேசை குலுங்கச் சிரித்தார். கீழே ரொட்டிக் கடைக்காரர் அண்ணாந்து பார்த்திருப்பார். சிரித்து ஓய்ந்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவனோட தோளு" என்றார்.

ரவ்னீல் கீழே போய் இரண்டு ரொட்டிப் பொட்டலம் வாங்கிவந்து ஒன்றை அவர் பக்கம் தள்ளினார்.

பழைய நிரலுக்கே திரும்பிவிடலாம் என்று மேலாளர் சொன்னார். எதையும் நின்று முடித்துவிட்டால் இந்த வம்பே இல்லையே. விலிமைனா தலையாட்டி மறுத்தார். "நிக்கறது வேற சார், காத்திருக்கறது வேற. வாசப்படியில நின்னா பின்னால வர்றவனுக்கு வழி மறிக்கும். ஓரமா உக்காந்து காத்திருந்தா அவன் போயிடலாம், நம்ம வேலையும் முடியும்." அந்த ஒரு சொல்லைச் சேர்த்தார். அதோடு விடவில்லை. கதவுக்கும் அதே சொல்லைச் சேர்த்தார். மூடுவதும் ஒரு வேலைதான். மிச்சம் மீதியை அனுப்பிவிட்டு, எதிர்முனையிடம் சொல்லிக்கொண்டு மூட அதற்கும் நேரம் பிடிக்கும். அதுவும் முடியும்வரை காத்திருக்க வேண்டும். எல்லாக் கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தார். எல்லாவற்றின்மேலும் ரவ்னீலின் புயலை அடிக்கவிட்டார்.

அது போதாது என்று அவருக்குத் தெரியும். கைப்பேசியைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் தானே கப்பல் ஏறினார்.

வழி நெடுக வாந்தி எடுத்துவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய யகோனா வேர்க்கட்டோடு கோரோவில் இறங்கினார். ஊர்க் கூடத்தில் பாய்மேல் உட்கார்ந்து, வேர்க்கட்டினை ஊர்த்தலைவர் முன்னால் வைத்து, மன்னிப்புக் கேட்டார். மெரெசேனி எதிரில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அபெனிசா, கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு.

"என்னதான் ஆச்சு? எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார் தலைவர்.

விலிமைனா முன்னால் கிடந்த வேர்க்கட்டைக் காட்டினார். "தலைவரே, ஒரு ஊருக்குப் போயிட்டுக் கிளம்பறப்ப யகோனா வெச்சு விடை கேக்கறோம். ஊர்க்காரங்க அதைத் தொட்டு, கை தட்டி, போயிட்டு வான்னு பதில் சொல்ற வரைக்கும் உக்காந்திருக்கோம். நான் எழுதினது யகோனாவை வெச்சுது. பதில் வர்றதுக்குள்ள எழுந்து, கதவைச் சாத்திட்டுப் போயிடுச்சு."

பின்வரிசையில் ஒரு கிழவர் நாக்கைச் சொடுக்கினார்.

"பதில் கேக்காமயா எழுந்துபோச்சு?" என்றார் மெரெசேனி.

"ஆமா."

"அதை எழுதினது நீதானே?"

"நானேதான்."

"உங்க அம்மா ஊர்ல பொண்ணுங்களை இப்படித்தான் வளக்கறாங்கன்னு எங்க ஊர்ல எப்பவோ சொல்லியிருக்காங்க. நான்தான் நம்பல."

கூடம் வெடித்துச் சிரித்தது. அபெனிசா சிரித்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தார், மறுபடி சிரித்தார். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப வெயில் நாள்ல?"

"வெயில் நாள்ல நான் எழறதுக்குள்ள பதில் வந்துடும் தலைவரே. அதனால என் மரியாதைக்கேடு வெளிய தெரியல. மெரெசேனி மதினி மழையைச் சொல்லலைன்னா எனக்கும் தெரிஞ்சிருக்காது. மன்னிப்புக் கேக்க வந்தது பாதிதான். அவங்களுக்கு நன்றி சொல்ல வந்தது மீதி."

மெரெசேனி வேறு பக்கம் பார்த்தார். நன்றியை எதிர்பார்க்காதவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

தலைவர் வேர்க்கட்டைத் தொட்டார். ஊர் முழுவதும் கைகளைக் குவித்து ஆழ்ந்த ஓசையோடு தட்டியது. மன்னிப்பு ஏற்கப்பட்டது, ஆனால் கைப்பேசியின் விஷயம் வேறு. அது அடுத்த பெருமழை வரைக்கும் மெரெசேனியிடம் இருக்கட்டும் என்றார் தலைவர். அந்த மழையில் கரை சேர்ந்த செய்தி வந்தால் ஊர் பழையபடி பொத்தானை அழுத்தும். வராவிட்டால் கைப்பேசி கப்பல் ஏறும். "அப்புறம் நீ எத்தனை வேரு கொண்டுவந்தாலும் குடிப்போம். ஆனா நீ சொல்றதைக் கேக்க மாட்டோம்."

திரும்பி வந்த பிறகு விலிமைனாவிடம் புதிதாக ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. காலையில் வந்ததும் கோரோவின் வானிலையைப் பார்ப்பார். வெயில் என்றால் உதட்டைப் பிதுக்குவார். ஊரே வெயில் வேண்டும் என்று கேட்கும்போது, தேவாலயத்தில் பாட்டு முடிந்து எல்லாரும் தலை குனியும் வேளையில், இவர் மட்டும் மழை கேட்டதாக ரவ்னீல் கிளப்பிவிட்டார். அவர் மறுக்கவில்லை.

இலைத்தியா நாட்டோவிக்கு இரண்டு தடவை போய்வந்தார். இரண்டு தடவையும் செய்தி சேர்ந்தது. இரண்டும் வெயில் நாள். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு நாள் மதியம். சுவாவில் அபூர்வமான வெயில். எல்லாரும் சாப்பாட்டுப் பாத்திரங்களைத் திறந்துவைத்திருந்தார்கள். விலிமைனாவின் தட்டில் வேகவைத்த கிழங்கும் மீனும் ஆறிக்கொண்டிருந்தன. இலைத்தியா காலையிலேயே கிளம்பியிருந்தார். வானிலைப் படத்தில் கோரோவின்மேல் கருநீலத் திட்டு ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது. கரை சேர்ந்த பொத்தானை அவர் அழுத்தியது திரையில் தெரிந்தது. செய்தியை ஒப்படைத்தாயிற்று என்று வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

"இழுக்குது" என்றார் ரவ்னீல்.

"இழுக்கட்டும். உக்காந்திருக்கு பாரு. எழுந்துக்கல."

செய்தி போய்ச் சேர்ந்தது என்ற வரி வந்தது. அதற்குப் பிறகுதான், அவசரமே இல்லாமல், இணைப்பு மூடியாயிற்று என்ற வரி. அப்போதும் விலிமைனா சாப்பாட்டில் கை வைக்கவில்லை. நிரல் சொன்னதை ஒரு தடவை நம்பித்தான் ஓர் ஆளின் தோள் போயிற்று. ஊர் சொல்ல வேண்டும்.

அவருடைய கைப்பேசி அதிர்ந்தது. மெரெசேனி குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். விலிமைனா காதில் வைத்தார். பேச்சே இல்லை. தகரக் கூரைமேல் மழை கொட்டுகிற இரைச்சல், விடாமல். கைப்பேசியை அண்ணாந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார் மெரெசேனி. கடைசியில்தான் இரைச்சலுக்கு மேல் கத்துகிற குரல் வந்தது: "வந்துடுச்சுடி மதினி! அவரு நாட்டோவில தேத்தண்ணி குடிக்கறாரு!"

ரவ்னீல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னக்கா? என்ன சொல்றாங்க?"

விலிமைனா எழுந்து ரவ்னீலின் மேசைக்குப் போய், பதிவை முதலிலிருந்து ஓடவிட்டு, கைப்பேசியை அவர் காதில் வைத்து, மழை முழுவதையும் அவர் கேட்டு முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.